கறிக்கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதம்: புதுச்சேரி நகரக் கழிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கறிக்கோழி வளர்ப்பில் ஆகும் செலவின் பெரும்பகுதி தீவனத்திற்கே செல்கின்றது. தீவனக் கூறுகளுள் விலையேற்றத்தால் மிகுதியும் அலைக்கழிக்கப்படுவது புரதம். சோயாப் பிண்ணாக்கிற்கும் கருவாட்டுத் தூளுக்கும் மாற்றாகப் பூச்சித்தூள், குறிப்பாகக் கருஞ்சிப்பாய் ஈயின் புழுவிலிருந்து பெறப்படும் தூள், உலகெங்கும் ஆராயப்பட்டு வருகின்றது. இக்கட்டுரை அத்தூளின் சத்துக்கூறுகளையும், கறிக்கோழிகளில் நிகழ்த்தப்பட்ட வளர்ப்புச் சோதனைகளின் முடிவுகளையும், புதுச்சேரி நகரில் அதனை உற்பத்தி செய்வதற்குரிய சூழலையும் விளக்குகின்றது. புழுவின் புரத விழுக்காட்டைக் காட்டிலும், அப்புழு எதனை உண்டு வளர்ந்தது என்பதே இத்தூளின் தகுதியையும் பயனையும் தீர்மானிக்கின்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கறிக்கோழி, பூச்சித்தூள், கருஞ்சிப்பாய் ஈ, சோயாப் பிண்ணாக்கு, கைட்டின், ஈரக்கழிவு, புதுச்சேரி

முன்னுரை

புதுச்சேரி நகரின் மேற்குப் புறத்தே அமைந்த குருமாம்பேட் பகுதியில் மூன்று இடங்கள் அருகருகே உள்ளன. ஒன்று, 1994ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். மற்றொன்று, உழவர்க்கும் கால்நடை வளர்ப்போர்க்கும் பயிற்சியளிக்கும் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம். மூன்றாவது, நகரின் குப்பைகள் நெடுங்காலமாகக் கொட்டப்பட்டுவந்த கிடங்கு. கோழிக்கு என்ன தீவனம் இடலாம் என்று ஆராயும் அறிவும், அதனை உழவரிடம் கொண்டுசேர்க்கும் வழியும், புழு வளர்ப்பதற்குரிய மூலப்பொருளும் ஒரே ஊர்ப்பெயரின்கீழ் அமைந்திருத்தல் தற்செயல்தான். ஆயினும் பூச்சித்தூள் குறித்த வினாவை ஏட்டளவில் நிறுத்தாமல் ஓர் ஊரின் நிலைமையோடு பொருத்திப் பார்ப்பதற்கு இத்தற்செயல் வாய்ப்பளிக்கின்றது.

பூச்சித்தூளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் அதனைச் சோயாவின் இடத்தை முழுமையாகக் கைப்பற்றவிருக்கும் எதிர்காலப் புரதம் எனப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார் குப்பையில் பிறந்த புழுவைக் கோழிக்கு இடுவதா என ஒதுக்குகின்றனர். இரண்டும் தூளை நோக்குகின்றனவேயன்றி, அத்தூள் உருவாகும் வழியை நோக்குவதில்லை.

கறையான் பானையும் புழுக்குழியும்

கோழிக்குப் பூச்சி புதிய உணவன்று. மேயும் கோழி குப்பையைக் கிளறிப் புழுவையும் வண்டையும் பொறுக்கித் தின்பது அதன் இயல்பு. குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக்கோழியார் என்றே பெயர்பெற்றிருத்தல் இக்காட்சி எவ்வளவு பழையது என்பதைக் காட்டும். தமிழகச் சிற்றூர்களில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குக் கறையான் வளர்த்து இடும் வழக்கமும் உண்டு. பழைய பானை ஒன்றில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை, மட்டை முதலியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பர். மறுநாள் காலையில் பானைக்குள் கறையான் நிறைந்திருக்கும். அதனைக் குஞ்சுகளின் முன் கொட்டினால் சிறிது நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. வேளாண் விரிவாக்கக் கையேடுகள் இம்முறையை இன்றும் பரிந்துரைக்கின்றன.

புதுச்சேரியை நெடுங்காலம் ஆண்ட பிரான்சிலும் இதற்கு இணையான மரபு இருந்தது. ஒலிவியே தெ செர் என்னும் வேளாண் அறிஞர் 1600இல் வெளியிட்ட தமது பெருநூலில், கோழிகளுக்காகப் புழு வளர்க்கும் குழியை விளக்கியுள்ளார். 'வெர்மினியேர்' எனப்பட்ட அக்குழியில் வைக்கோலும் சாணமும் பிற கழிவுகளும் அடுக்கப்பட்டுப் புழு பெருக்கப்பட்டது. பிரான்சில் பட்டுப்புழு வளர்ப்பைப் பரப்பியவர்களுள் ஒருவரும் இவரே. கறையான் பானையும் வெர்மினியேரும் ஒன்றையொன்று அறியாமல் தோன்றியவை. கோழி உண்ணாத பொருளைப் பூச்சி உண்ண, அப்பூச்சியைக் கோழி உண்ண வேண்டும் என்பதே இரண்டிற்கும் பொதுவான அடிப்படை. கோணியும் மட்டையும் கோழிக்குத் தீவனமாகா, கறையானுக்கு ஆகும். இந்த அடிப்படை பின்னர் ஆராயப்படும் தொழிற்சாலை முறைகளில் எந்த அளவு காக்கப்படுகின்றது என்பதே உண்மையான வினா.

சோயாவைச் சார்ந்திருத்தல்

கறிக்கோழி 35 முதல் 42 நாள்களில் விற்பனை எடையை எட்டுமாறு இனத்தேர்வு செய்யப்பட்ட பறவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கோழித்தீவனத் தரக்குறிப்பு (ஐ.எஸ். 1374), முதற்குஞ்சுத் தீவனத்தில் 23 விழுக்காடும், தொடக்கத் தீவனத்தில் 22 விழுக்காடும், இறுதிக்காலத் தீவனத்தில் 20 விழுக்காடும் பண்படாப் புரதம் இருத்தல் வேண்டும் என வரையறுக்கின்றது. மக்காச்சோளத்தில் புரதம் ஏறத்தாழ 9 விழுக்காடே. எஞ்சிய புரதத்தைத் தருவது பெரிதும் சோயாப் பிண்ணாக்கே. கடற்கரை மாவட்டங்களில் உப்பில்லாக் கருவாட்டுத் தூளும் சேர்க்கப்படுகின்றது. எனினும் உப்பு, மணல் கலப்பும் சால்மோனெல்லாத் தொற்றும் அதனை நம்பகமற்ற பொருளாக்கியுள்ளன.

தென்னிந்தியக் கறிக்கோழித் தொழிலுக்குத் தேவையான சோயா, மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான் ஆகிய மாநிலங்களிலிருந்து வருகின்றது. அங்கு மழை பொய்த்தாலோ வணிகர்கள் இருப்பு வைத்தாலோ பல்லடத்திலும் விழுப்புரத்திலும் வளர்ப்புச் செலவு ஏறும். 2021ஆம் ஆண்டு இதற்குச் சான்று. அவ்வாண்டின் இடைப்பகுதியில் சோயாப் பிண்ணாக்கின் விலை முந்தைய ஆண்டின் விலையைப்போல் இரு மடங்கைத் தாண்டிக் கிலோவுக்கு 100 ரூபாயை நெருங்கியது. கோழி வளர்ப்போரின் கோரிக்கையை ஏற்று, மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கை 12 இலட்சம் டன் இறக்குமதி செய்ய நடுவணரசு அவ்வாண்டு ஆகஸ்டில் இசைவளித்தது. மரபணு மாற்றப்பட்ட உணவுப்பயிரைப் பயிரிட இசையாத நாடு, அத்தகைய பயிரின் பிண்ணாக்கைத் தீவனத்திற்காக வரவேற்ற நிகழ்வு, புரதத் தட்டுப்பாட்டின் கடுமையை உணர்த்தும். மாற்றுப் புரதத்தைத் தேடுவது வெறும் ஆய்வார்வம் அன்று என்பது இதனால் பெறப்படும்.

கருஞ்சிப்பாய் ஈ

கோழித்தீவனத்திற்காகப் பல பூச்சிகள் ஆராயப்பட்டுள்ளன. கால்வெர்ட் முதலியோர் 1969இலேயே வீட்டு ஈயின் கூட்டுப்புழுவைக் கோழிக்குஞ்சுகளுக்கு இட்டுச் சோதித்தனர். இந்தியாவில் நீண்டகாலமாக அறியப்பட்டது பட்டு நூற்பில் எஞ்சும் கூட்டுப்புழு. மக்கார் முதலியோர் (2014) தொகுத்த தரவுகளின்படி உலர்நிலையில் அதன் புரதம் ஏறத்தாழ 60 விழுக்காடு. எண்ணெய் நீக்கினால் 75 விழுக்காட்டை எட்டும். தருமபுரி, கிருட்டிணகிரி போன்ற பட்டு வளர்ப்புப் பகுதிகளுக்கு இது பொருந்தும். ஆனால் பட்டுக்கூடு விளையும் அளவே கூட்டுப்புழுவும் கிடைக்கும் என்பதாலும், எண்ணெய் மிகுதியால் விரைவில் கெட்டு நாறும் என்பதாலும், புதுச்சேரி போன்ற நகரத்திற்கு அது வழியாகாது.

இந்நிலையில் கவனத்தைப் பெற்றது கருஞ்சிப்பாய் ஈ. 'ஹெர்மீசியா இல்லூசன்ஸ்' என்னும் அறிவியற்பெயர் கொண்ட இவ்வீ அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்டு இன்று உலகின் வெம்மையான நாடுகள் பலவற்றிலும் பரவியுள்ளது. இதன் உலர்ந்த புழுவைக் கோழிக்கு இடுவது பற்றி ஹேல் 1973இல் எழுதினார். வீட்டு ஈயினின்று இது முற்றிலும் வேறுபட்டது. முதிர்ந்த ஈ உணவு தேடி உணவுப்பண்டங்களின்மேல் அமர்வதில்லை. புழுப்பருவத்தில் சேமித்த கொழுப்பைக் கொண்டே ஒரு வாரம் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடியும். ஆகவே வீட்டு ஈயைப் போல் நோய் பரப்புவது பெரும்பாலும் இதற்கில்லை. பெண் ஈ ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். முட்டை நான்கு நாள்களில் பொரியும். புழு ஏறத்தாழ இரு வாரம் ஓயாது உண்ணும். பின்னர் உண்பதை நிறுத்திக் கருத்து, உலர்ந்த இடம் நாடித் தானே ஊர்ந்து வெளியேறும். இவ்வியல்பு அறுவடையை எளிதாக்குகின்றது.

27 முதல் 30 பாகை வரையான வெப்பமும் 60 முதல் 70 விழுக்காடு ஈரமுள்ள உணவும் புழுவிற்கு ஏற்றவை. வெப்பத்தைப் பொறுத்தவரை புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி தடையில்லை. குளிர்நாடுகளில் வெப்பமூட்டுவதற்கு ஆகும் செலவு இங்கு இல்லை. ஆனால் இவ்வீ இணைசேர வெயிலொளி வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மேகமூட்ட நாள்களில் முட்டையீடு குறைய இடமுண்டு. புழுவை வெயிலில் உலர்த்துவதும் அம்மாதங்களில் அரிது. நேரடிப் புழுவில் மூன்றில் இரு பங்கு நீரே என்பதால், உலர்த்தும் எரிபொருட்செலவு எளிதில் புறக்கணிக்கக்கூடியதன்று.

விழுக்காட்டுக்குள் மறைந்திருப்பவை

எண்ணெய் நீக்காத உலர்புழுவில் 40 முதல் 44 விழுக்காடு வரை புரதம் உள்ளதாக மக்கார் முதலியோர் குறிப்பிடுகின்றனர். கொழுப்பு புழுவின் உணவைப் பொறுத்து 15 விழுக்காட்டினின்று 50 விழுக்காட்டை ஒட்டியும் வேறுபடும். புரதத்தின் அமினோ அமிலச் சேர்க்கை கோழிக்கு உகந்ததே. லைசின் சோயாவை ஒத்திருக்க, கறிக்கோழித் தீவனத்தில் முதலில் தட்டுப்படும் மெத்தியோனின் சோயாவைவிடக் கூடுதலாகவும் மீன்தூளைவிடக் குறைவாகவும் உள்ளது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பண்படாப் புரதம் என்பது நேரடியாக அளக்கப்படுவதன்று. கெல்டால் முறையில் நைட்ரசனை அளந்து 6.25 என்னும் எண்ணால் பெருக்கிப் பெறுவது. அந்த நைட்ரசன் எங்கிருந்து வந்தது என்று இம்முறை வினவுவதில்லை. பூச்சியின் புறத்தோலில் உள்ள கைட்டின் என்னும் மாச்சத்துவகைப் பொருளும் நைட்ரசன் உடையது. எனவே 6.25 பூச்சியின் புரதத்தை மிகைப்படுத்துகின்றது. யான்சன் முதலியோர் (2017) கருஞ்சிப்பாய் ஈ உள்ளிட்ட மூவகைப் புழுக்களை ஆராய்ந்து, முழுப்புழுவிற்கு 4.76 என்னும் எண்ணே பொருந்தும் எனக் காட்டினர்.

இவ்வேறுபாட்டின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 42 விழுக்காடு புரதம் என விற்கப்படும் தூளில் நைட்ரசன் 6.72 விழுக்காடு. அதனை 4.76 கொண்டு பெருக்கினால் உண்மைப் புரதம் 32 விழுக்காடே. இத்தூளை 10 விழுக்காடு சேர்த்த தொடக்கத் தீவனத்தில் தாளின்படி அது 4.2 அலகு புரதம் தரும். உண்மையில் தருவது 3.2 அலகு. ஆக, 22 விழுக்காடு எனக் கருதப்பட்ட தீவனம் 21 விழுக்காடாகி விடுகின்றது. செரிக்கத்தக்க அமினோ அமிலங்களின் அடிப்படையில் தீவனம் கூட்டும் பெரிய ஆலைகள் இப்பிழையிலிருந்து தப்பும். புரத விழுக்காட்டைப் பார்த்து மூட்டை வாங்கித் தாமே அரைத்துக் கலக்கும் சிறு வளர்ப்பாளரே இழப்புக்கு ஆளாவர். பூச்சித்தூளுக்குத் தனித் தரக்குறிப்பு எழுதப்படும்போது முதற்கண் தீர்க்கப்பட வேண்டியது இந்தப் பெருக்கெண்தான்.

கைட்டின் கோழிக்கு முற்றிலும் பயனற்றது எனவும் கூற இயலாது. கோழியின் சுரப்பிரைப்பையில் கைட்டினைச் சிதைக்கும் நொதி சுரப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பூச்சி தின்று வாழ்ந்த பறவையினத்திற்கு இது வியப்பன்று. எனினும் அளவு மிகுந்தால் செரிமானத்தை அது குறைக்கும்.

சுண்ணாம்புச் சத்து பற்றியும் குறிப்பிடல் வேண்டும். இவ்வீயின் புழு தன் தோலில் கால்சியத்தைப் படிய வைப்பதால் உலர்தூளில் அது 5 முதல் 8 விழுக்காடு வரை இருக்கும். பத்து விழுக்காடு தூள் சேர்த்தால் தீவனத்திற்கு 0.5 முதல் 0.8 விழுக்காடு வரை கால்சியம் அதிலிருந்தே கிடைத்துவிடும். கறிக்கோழியின் தேவையோ ஏறத்தாழ 1 விழுக்காடு. வழக்கமான அளவு சுண்ணாம்புத்தூளையும் கிளிஞ்சல்தூளையும் குறைக்காமல் பூச்சித்தூளைச் சேர்ப்பவர், பாசுபரசுடன் அமையவேண்டிய விகிதத்தைக் கெடுத்துக் குஞ்சுகளின் கால்களைப் பலவீனப்படுத்திவிட்டுப் பழியைப் புழுவின்மேல் போட நேரும்.

வளர்ப்புச் சோதனைகள்

எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்குத் தெளிவான விடை தரும் ஆய்வுகளுள் ஒன்று இத்தாலியில் தப்பூ முதலியோர் (2018) நிகழ்த்தியது. 256 ஆண் குஞ்சுகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, கொழுப்பு நீக்கிய கருஞ்சிப்பாய் ஈத் தூளை 0, 5, 10, 15 விழுக்காடு அளவில் சேர்த்து 35 நாள்கள் வளர்த்தனர். தொடக்கக் காலங்களில் உடல் எடை 10 விழுக்காட்டுக் குழுவில் உச்சத்தை அடைந்தது. 15 விழுக்காட்டில் தீவன மாற்றுத்திறன் குன்றியது. சிறுகுடலின் உறிஞ்சு விரல்கள் குட்டையாயின, அவற்றின் அடிக்குழிகள் ஆழமாயின. உறிஞ்சும் பரப்புச் சுருங்கியதை இது காட்டும். ஆகவே 10 விழுக்காட்டை மேல்வரம்பாகக் கொள்வதே தகும். சோயாவை முற்றிலும் நீக்கிப் பூச்சியை வைக்கலாம் என்னும் பேச்சுக்கு இவ்வாய்வு இடம் தரவில்லை.

கொழுப்பும் வீணாவதில்லை. அதில் மிகுந்துள்ளது தேங்காயெண்ணெயில் காணப்படும் லாரிக் அமிலம். தீவனத்தில் சேர்க்கப்படும் சோயா எண்ணெய்க்கு மாற்றாக இக்கொழுப்பை இட்டபோது வளர்ச்சி குன்றவில்லை எனச் சியவோனே முதலியோர் கண்டனர். இறைச்சியில் நிறைவுற்ற கொழுப்பு சற்றுக் கூடுவது மட்டுமே குறை.

இம்முடிவுகளை அப்படியே புதுச்சேரிக்குப் பெயர்த்துவிட முடியாது. அவை வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கூடங்களில் பெறப்பட்டவை. இங்குள்ள கொட்டகைகள் பெரும்பாலும் பக்கங்கள் திறந்தவை. அக்கினி நட்சத்திர நாள்களில் கோழி மூச்சிரைத்து, தீவனம் எடுப்பதைக் குறைக்கும். குறைவாக உண்ணும் பறவைக்கு ஒவ்வொரு கவளத்திலும் உள்ள புரதத்தின் செரிதிறன் கூடுதல் முதன்மை பெறுகின்றது. செரிக்காத கைட்டின் அந்நாளில் மிகுதியாகச் சுமையாகலாம். மாறாக, கொழுப்பிலிருந்து பெறும் ஆற்றல் மாவுச்சத்தினும் குறைந்த உடற்சூட்டைத் தருவதால் நன்மையும் விளையலாம். எது மேலோங்கும் என்பது இங்குள்ள கொட்டகையிலேயே சோதித்து அறிய வேண்டியது.

புழு எதை உண்கின்றது?

ஐரோப்பிய ஒன்றியம், மாட்டுப் பைத்திய நோய்க்குப் பின் 2001இல் விலங்குப் புரதத்தைத் தீவனத்தில் சேர்ப்பதற்குத் தடை விதித்திருந்தது. பூச்சிப் புரதத்தை மீன்தீவனத்திற்கு 2017இலும், கோழி, பன்றித் தீவனங்களுக்கு 2021 செப்டம்பரிலும் அது அனுமதித்தது. ஆனால் அச்சட்டத்தின்படி வளர்ப்புப் பூச்சியும் ஒரு பண்ணை விலங்கே. ஆதலின் உணவகக் கழிவு, சாணம், இறைச்சி, மீன் கழிவு ஆகியவற்றை அதற்கு இடலாகாது. விளைவு என்ன? பிரான்சின் நெல் நகரில் இயங்கும் இன்னோவாஃபீட் ஆலை, அருகிலுள்ள கோதுமை மாவுச்சத்து ஆலையின் துணைப்பொருள்களைக் கொண்டு கருஞ்சிப்பாய் ஈயை வளர்க்கின்றது. அமியன் நகரருகே பெரும் முதலீட்டில் எழுந்த இன்செக்ட் நிறுவனம் கோதுமைத் தவிட்டைக் கொண்டு மாவுப்புழு வளர்த்தது. 2024 செப்டம்பரில் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

தவிட்டையும் மாவுச்சத்து ஆலையின் எச்சத்தையும் மாடும் பன்றியும் கோழியும் நேரடியாகவே உண்ணும். அவற்றைப் புழுவுக்கு இட்டு, அப்புழுவைக் கோழிக்கு இடும்போது இடையே ஓர் உயிரியின் மூச்சுக்கும் வெப்பத்திற்கும் ஆற்றல் செலவாகின்றது. கறையான் பானையின் அடிப்படை இங்கு முறிந்துவிடுகின்றது. சட்டம் பாதுகாப்பை நோக்கி எழுதப்பட்டது. அதன் நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆனால் அதனால் ஐரோப்பியப் பூச்சித்தூள் சோயாவைவிட விலை மிகுந்த பொருளாகவே நிலைத்துள்ளது என்பதையும் மறுக்க இயலாது.

மறுமுனையில் உள்ளது கலப்படக் குப்பை. எதை வேண்டுமானாலும் தின்னும் என்பதற்காக எதையும் இட்டுவிட முடியாது. டீனர் முதலியோர் (2015) கண்டபடி, காட்மியம் இப்புழுவின் உடலில் உணவில் இருந்ததைவிடச் செறிவுற்றுத் தேங்குகின்றது, ஈயம் அவ்வளவு தேங்குவதில்லை, துத்தநாகம் தேங்குவதில்லை. மின்கலமும் வண்ணப்பூச்சுத் தகரமும் ஈரக்கழிவோடு கலந்து வரும் குப்பையில் வளர்ந்த புழு, கோழியின் வழியே மனிதனுக்குக் காட்மியத்தைக் கொண்டுசேர்க்கும் வாயிலாகிவிடும். சூடேற்றினால் சால்மோனெல்லா அழியும், காட்மியம் அழியாது. வியப்பூட்டும் நற்செய்தி ஒன்றும் உண்டு. தமிழகக் கோழித்தீவனத்தின் தீராத் தொல்லையான அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு இப்புழுவில் தேங்குவதில்லை எனப் பாஷ் முதலியோர் (2017) காட்டியுள்ளனர். பூஞ்சை பிடித்துத் தீவனத்திற்கு ஆகாமற்போன மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் புழுவுக்கு இடலாமா என ஆராய்வதற்கு இது வழி திறக்கின்றது. இங்குக் கறையான் பானையின் அடிப்படை மீண்டும் பொருந்துகின்றது: கோழிக்கு ஆகாதது புழுவுக்கு ஆகின்றது.

புதுச்சேரியில் இவ்விரு முனைகளுக்கும் நடுவே ஓரிடம் உண்டு. நேரு வீதியை ஒட்டிய குபேர் அங்காடியில் காய்கறி, பழம், பூ, மீன் ஆகியவை தனித்தனிப் பகுதிகளில் விற்கப்படுகின்றன. முட்டைக்கோசு இலையும், அழுகிய தக்காளியும், வாழைத்தாரின் தண்டும் கடையில் எறியப்படும் கணம்வரை வீட்டுக் குப்பையோடு கலவாதவை. தெருத்தொட்டியை அடைந்த பின்னரே அவை நெகிழியோடும் கண்ணாடியோடும் சேர்கின்றன. மீன் பகுதியின் கழிவுக்குத் தனிப் பயனுண்டு. சென்ட் ஹிலேர் முதலியோர் (2007) சாணத்தில் வளர்ந்த புழுவுக்கு மீன் கழிவைச் சேர்த்து இட்டபோது, அதன் கொழுப்பில் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் சேர்ந்தன. ஐரோப்பியச் சட்டம் மீன் கழிவை விலக்குவதும், கடற்கரை நகரான புதுச்சேரியில் அது நாள்தோறும் குவிவதும் நோக்கத்தக்கன. மீன் கழிவில் வளர்ந்த புழுவை இறுதிக்கால கறிக்கோழிக்கு இட்டால் இறைச்சியில் மீன்வாடை ஏறுமா என்பது ஆராயப்பட வேண்டும். கருவாட்டுத் தூள் மிகுந்த தீவனத்தில் இக்குறை ஏற்கெனவே அறியப்பட்டதே.

ஒரு கொட்டகைக்கான கணக்கு

5,000 கறிக்கோழிகள் கொண்ட ஒரு கொட்டகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு கோழி 2.1 கிலோ எடையை எட்ட ஏறத்தாழ 3.4 கிலோ தீவனம் உண்ணும் எனின், ஓர் அணிக்கு 17 டன் தீவனம் வேண்டும். 10 விழுக்காடு பூச்சித்தூள் என்பது 1.7 டன். நன்கு நடத்தப்படும் வளர்ப்பகத்தில் ஒரு டன் ஈரக்கழிவு அதிக அளவாக 200 கிலோ நேரடிப் புழுவைத் தரும். உலர்த்தினால் அது 60 கிலோ. ஆகவே ஓர் அணிக்கு 28 டன் ஈரக்கழிவு தேவை. 42 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 675 கிலோ. கொழுப்பைப் பிழிந்தெடுத்த தூளாயின் 900 கிலோவை எட்டும்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? உண்மைப் புரதம் 32 விழுக்காடு என்னும் கணக்கில் 1.7 டன் பூச்சித்தூள், 46 விழுக்காடு புரதமுள்ள சோயாப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 1.2 டன்னுக்கு ஈடாகும். கிலோ 100 ரூபாய் என்னும் 2021ஆம் ஆண்டின் உச்ச விலையில் அது 1,20,000 ரூபாய். 40 ரூபாய் விலையில் 48,000 ரூபாய். புழுவில் உள்ள கொழுப்பு தீவன எண்ணெயில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவது தனி ஆதாயம். இத்தொகைக்குள் 28 டன் கழிவைத் தரம்பிரித்துக் கொணர்ந்து, அரைத்து, புழு வளர்த்து, உலர்த்தித் தர வேண்டும். சோயா விலை தாழ்ந்திருக்கும் ஆண்டுகளில் தூளின் விலை மட்டுமே இச்செலவைத் தாங்காது. கழிவை அகற்றியதற்காக நகராட்சி தரக்கூடிய கட்டணமும், புழு உண்டு எஞ்சிய எச்சத்தை எருவாக விற்பதும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். சுருங்கக் கூறின், இது தீவனத் தொழிலாகத் தோற்றமளிக்கும் கழிவு மேலாண்மைத் தொழில்.

இதனை யார் பயன்படுத்துவர் என்பது மற்றொரு சிக்கல். தமிழகத்திலும் புதுச்சேரியிலும் கறிக்கோழி பெரிதும் ஒப்பந்த முறையில் வளர்க்கப்படுகின்றது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். உழவர் கொட்டகையும் உழைப்பும் தந்து வளர்ப்புக் கூலி பெறுவார். தீவனத்தில் ஒரு கைப்பிடி மாற்றவும் அவருக்கு உரிமையில்லை. ஆலையோ ஒரே சீரான தூளை டன் கணக்கில் கேட்கும். அங்காடிக் கழிவு மாம்பழப் பருவத்தில் ஒன்றாகவும் மழைக்காலத்தில் வேறாகவும் இருப்பதால், புழுவின் கொழுப்பும் மாறிக்கொண்டேயிருக்கும். ஆதலின் முதலில் இதனை ஏற்க வாய்ப்புள்ளவர்கள் தாமே தீவனம் கலக்கும் சிறு வளர்ப்பாளர்கள். புழுவை உலர்த்தாமல் உயிருடன் இடவும் அவர்களால் இயலும். உலர்த்தும் செலவு அடியோடு நீங்கும். நாட்டுக்கோழியாயின் 'புழு பூச்சி பொறுக்கித் தின்றது' என்பதே கூடுதல் விலைக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. அதே உணவைக் கறிக்கோழிக்குத் தட்டில் இட்டால் மட்டும் நுகர்வோர் முகஞ்சுளிப்பர் எனக் கருத வேண்டியதில்லை.

மேலாய்வுக்கான களம்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக்கழிவு, உலர்கழிவு, தீங்குதரும் வீட்டுக்கழிவு என மூவகையாகக் கழிவு தோன்றும் இடத்திலேயே பிரிக்கப்பட வேண்டும் என வரையறுத்தன. அங்காடியில் இவ்வாறு பிரித்தல் நடைமுறையாகும் அளவிற்கே புழு வளர்ப்புக்குத் தகுந்த மூலப்பொருள் கிட்டும். எனவே சோதனை தீவனத் தட்டிலிருந்து தொடங்காமல் கழிவுத் தொட்டியிலிருந்து தொடங்குதல் வேண்டும். காய்கறிக் கழிவு மட்டும், காய்கறியோடு மீன் கழிவு, பூஞ்சை பிடித்த தானியம் என மூன்று உணவுகளில் தனித்தனியே புழு வளர்த்து, ஒவ்வொரு தூளிலும் நைட்ரசனோடு அமினோ அமிலங்கள், கைட்டின், கால்சியம், காட்மியம், சால்மோனெல்லா ஆகியவற்றை அளக்கலாம். பின்னர் ஒரே அணிக் குஞ்சுகளுக்கு 5, 10 விழுக்காடு அளவுகளில் இட்டு, மே மாதத்தில் ஒரு முறையும் நவம்பர் மாதத்தில் ஒரு முறையும் திறந்த கொட்டகையில் வளர்த்து ஒப்பிடலாம். நவம்பர் அணிக்குத் தேவையான முட்டையும் புழுவும் மழைநாள்களில் தட்டின்றிக் கிடைத்தனவா என்பதையும் அவ்வாய்வேட்டில் நாள்வாரியாகப் பதிதல் வேண்டும். வளர்ப்பகம் ஆண்டு முழுதும் இயங்குமா என்பது அப்பதிவிலிருந்தே தெரியவரும்.